திருகாணி

பதினோரு வருஷமாக என் வேலை
சத்தம் வராமல் இருப்பதைக் கேட்பது.
பேரணாம்பட்டு ஷூ கம்பெனியில்
ஊசி பிடிக்கும் மிஷினுக்கு அந்தப் பக்கம் நான்.
பெல்ட்டில் ஜோடி ஜோடியாக வரும்.
கீச்சென்றால்
தையல் ஊசியின் முனை ஏதோ ஒரு ஷூவுக்குள் தங்கிவிட்டது.
பிரித்தெடுத்து, துண்டுகளைப் பொருத்திப் பார்த்து,
ரெஜிஸ்டரில் செலோடேப் போட்டு ஒட்டி
கையெழுத்து வைக்கவேண்டும்.
இரும்பை மட்டும் கேட்கும் மிஷின் அது.
கம்மல் போட்ட காதை அதன் வாயில் வைத்தாலும்
கண்டுகொள்ளாது.

ஞாயிற்றுக்கிழமைகளில்
மலட்டாற்று மணலில் நடக்கிறேன்,
சத்தமே வா, வா என்று.

போனஸ் பணம், அடகுக்குப் போன ஒரு வளையல்,
இரண்டும் சேர்ந்து பெங்களூரில் வாங்கிய பழைய டிடெக்டர்.
பிடியில் ‘சிவண்ணா’ என்று கீறியிருக்கிறது.
கிடைத்ததால் விற்றாரா
கிடைக்காததால் விற்றாரா
கடைக்காரனுக்கும் தெரியவில்லை.

மலைக்கு அந்தண்டை கோலார்.
தண்ணீர் இறங்குவது இந்தண்டை.
என் கணக்கு அவ்வளவுதான்.
“வர்ற தண்ணியே வருஷத்துல நாலு நாளு,
அதுல தங்கம் வேற வருமா” என்றாள் ரிஹானா,
சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே.

முதல் மாதம் துடைப்பம் போல வீசினேன்.
வீச்சின் இரண்டு முனையிலும் வட்டு எழும்பிவிடும்.
எழும்பிய இடத்தின் அடியில் என்ன இருந்தாலும்
அது இல்லை.
தரையோடு தரையாக, பாதி வட்டம் ஏறினாற்போல்
நகர்த்த வேண்டுமாம்.
தோள்பட்டைக்குப் புரிய ஆறு வாரம்.

மண்ணுக்கும் ஓர் இரைச்சல் உண்டு.
வட்டைத் தூக்கி, தாழ்த்தி, தூக்கி, தாழ்த்தி
இதுதான் இங்கே மௌனம் என்று
பத்தடிக்கு ஒருமுறை மிஷினுக்குச் சொல்லவேண்டும்.
கருமணல் கோடு போட்ட இடங்களில்
சொன்னாலும் கேட்காது. கத்தும்.

இரும்பு உறுமும்.
பாக்கு உறையின் ஈயத்தாள் மட்டும்
அச்சு அசல் தங்கம் மாதிரியே பேசுமாம்.
அப்படி நம்பி முழங்கை ஆழம் தோண்டியதில்
உறைகள், ஒரு மாட்டு லாடம்,
சாவி இல்லாத பூட்டு,
ஒரு பிடி ஷூக் கண்ணிகள். எங்கள் கம்பெனி அளவுதான்.

மணல் டிராக்டர்காரன் இன்ஜினை அணைக்காமல் கேட்டான்:
“எந்த ஆபீசுக்கா?”
ஆபீஸ் இல்லை என்றதும் பல் தெரிந்தது.
“நீ தேடறது எப்பவோ நம்ம லோடுல போயிருக்கும்.
வாணியம்பாடில எவன் வீட்டுச் செவுத்துலயாவது
பூசிக் கெடக்கும், போ.”
அன்றிலிருந்து புது வீடுகளைப் பார்த்தால்
கை தானாக வீச்சுக்கு வருகிறது.

உண்மையில் தங்கம் எப்படிக் கூப்பிடும் என்று
எனக்குத் தெரியாது.
அதனால் இடது கம்மலைக் கழற்றி
திருகாணியை லேசாகப் பூட்டி மணலில் புதைத்தேன்.
இரண்டு விரல் ஆழத்தில் ஒரு ‘ம்’.
தூக்கத்தில் பெயர் சொன்னால் வரும் பதில் போல.
நான்கு விரலில், அதில் பாதி.
ஒரு சாண் புதைத்தேன்.
ஒன்றுமே இல்லை.
சிவண்ணா ஏன் விற்றார் என்று கொஞ்சம் விளங்கியது.

கையாலேயே தோண்டினேன்.
கம்மல் வந்தது.
திருகாணி வரவில்லை.

பொழுது சாயும்வரை சலித்தேன்.
மிஷின் தன் பங்குக்கு
இன்னொரு பாக்கு உறையைக் காட்டிக்கொடுத்தது.

திங்கட்கிழமை
காது தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குச்சி செருகி
வேலைக்குப் போனேன்.
ரிஹானா குச்சியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
“ஆத்துல தங்கம் இருக்குடி” என்றேன்.
“கண்ணால பாத்தியா?”
“பாக்கல. ஆனா இருக்கு.”
“எவ்ளோ?”

பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது.
அடகுக்கடைச் சீட்டு வீட்டில் இருக்கிறது,
இடது வலது தனித்தனியே எடை போட்டது.
“கால் கிராமுக்குக் கொஞ்சம் கம்மி.”